ஆறாவது பல் செட்டு

இது நடந்தது. சந்தேகப்படுபவர்கள் என் லாக் புக்கைப் பார்க்கலாம். தேதி, நேரம், எங்கள் பேராசிரியர் சாரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன.

பல் மருத்துவம், இறுதியாண்டு. நாற்பது பல் பிடுங்க வேண்டும், அறுபது பல் அடைக்க வேண்டும், ஆறு பேருக்கு முழுப் பல் செட்டு கட்ட வேண்டும். நடுவில் படிக்கவும் வேண்டுமாம். எதிரே யாராவது சிரித்தால் நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சொத்தையை எண்ணுவோம். எனக்கு ஐந்து செட்டு முடிந்திருந்தது. ஆறாவது தையல்காரத் தாத்தாவுக்கு. செட்டு தயார், மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. தவறினால் ஒரு வருடம் போச்சு.

செவ்வாயிலிருந்து தாத்தா போனை எடுக்கவில்லை. முப்பத்தொரு தடவை அடித்தேன். கடைசியில் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன்.

"தாத்தா, எந்த நிலைமைல இருந்தாலும் வந்துடுங்க. உங்கள விட்டா எனக்கு ஆளில்ல."

வியாழன், 4.20. கிளினிக் காலி. கை கழுவிவிட்டுத் திரும்பினேன். ஏழாம் நம்பர் நாற்காலியில் தாத்தா படுத்திருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

வழக்கமாக வாயை மூடச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கும். அன்று பேசியது இவ்வளவுதான்.

"சீக்கிரம் மாட்டி விடு தம்பி. நேரமில்ல."

4.31. வாய்க்குள் கண்ணாடியை விட்டேன். மூச்சுப் பட்டு எப்போதும் மங்கும், துடைத்துத் துடைத்துத்தான் பார்ப்போம். அன்று மங்கவில்லை. கண்ணாடி புதிது என்று நினைத்துக்கொண்டேன்.

எச்சில் உறிஞ்சும் குழாயை வைத்தேன். கொர்ர்ர்... வெறும் காற்று. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னம் கையுறையைத் தாண்டிச் சில்லிட்டது. அதற்கு என்ன நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

4.44. செட்டை மாட்டினேன்.

"கடிங்க தாத்தா."

டக்.

"இன்னொரு தடவ..."

டக்.

கண் இமைக்கவே இல்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடினேன்... லாக் புக்கோடு, பக்கத்து அறையிலிருந்த சாரிடம். பேஷன்ட் எங்கே என்று கேட்டார். நாற்காலியில் என்றேன். கதவுக் கண்ணாடி வழியே ஒரு பார்வை. "ம்." கையெழுத்து போட்டார். 4.52.

திரும்பி வந்தேன்.

நாற்காலி காலி.

செட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே 'நிறைவு'. தாத்தாவைப் பார்த்தீர்களா என்று சாரிடம் மெல்லக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குக் கையெழுத்து போடுகிறவரிடம் கேட்கிற கேள்வியா என்றார். அதற்குமேல் வாய் திறந்தால் கேஸ் ரத்தாகும். மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 9.15. தாத்தாவின் எண்ணிலிருந்து அழைப்பு. அவர் மகள். அப்பா திங்கள் இரவே இறந்துவிட்டாராம். வெளிநாட்டிலிருந்து தன் தம்பி வரும்வரை ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருந்தார்களாம்.

"அப்பாவுக்கு எப்ப பல் செட்டு குடுத்தீங்க தம்பி?"

லாக் புக்கைப் புரட்டினேன். வியாழன், 4.44.

"வாய் திறந்துக்கக் கூடாதுன்னு செவ்வாக்கிழமையே தாடைய இறுக்கித் துணியால கட்டினோம். அப்ப வாய்ல ஒண்ணுமில்ல, நான் பாத்தேன். இன்னிக்கு அவுத்தா, உள்ள முழுசா பல்லு இருக்கு..."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முடிச்சு, நான் போட்டபடியேதான் இருந்துச்சு."