சனியைப் பார்க்க முதலில் வாங்க வேண்டியது

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். சரக்கை எடுத்துக் கொடுப்பதோடு, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று வண்டிக்காரர்களுக்குச் சொல்வதும் நான்தான். பெரிய கம்ப்ரசர் கேட்டு வந்து நிற்பவரிடம், "ஹோஸு பூராம் காத்து கசியுதுங்க. மொதல்ல அதை மாத்துங்க" என்பேன். இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டியின் மேல் சனி கிரகம் வளையங்களோடு ஜொலித்தது. மொட்டைமாடியில் அதன் மூன்றுகால் தாங்கியில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு அரிசிக் குருணை நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிதாகக் காட்டும் சக்தி போதவில்லை என்று முடிவுசெய்து, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் சக்தி கூடியதாக ஒன்றை வரவழைத்தேன். குருணை பெரிதாயிற்று. நடுக்கமும் பெரிதாயிற்று. அந்தச் சக்தியை இரட்டிப்பாக்க இன்னொரு லென்ஸ் வந்தது. சனி இப்போது தண்ணீருக்கடியில் எரியும் பல்பு மாதிரி தெரிந்தது. அடுத்து, கிரகம் நகர நகரக் குழாயைத் திருப்பிக்கொடுக்கும் மோட்டார். அது ஓட ஆரம்பித்ததும் தன் பங்குக்கு ஒரு நடுக்கத்தைச் சேர்த்தது.

"ஏனுங்க, காலு தகரமாட்ட ஆடுது. அதை உட்டுப்போட்டு மேல மேல மாட்டிக்கிட்டே இருக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

"உனக்கு லென்ஸைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். எனக்கும் தெரியாது. ஆனால் நான் செல்போனில் நிறைய வீடியோ பார்த்திருந்தேன்.

அந்த ஐப்பசியில், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மாமனார் பஸ் ஏறி வந்தார். அவருக்கு ஏழரைச் சனி. கோயில் கோயிலாக எள் தீபம் போட்டுச் சலித்திருந்தார்.

"மாப்ள, இத்தனை வருசமா என்னைய ஆட்டி வெக்கறாரு. ஒருக்கா நேர்ல பாத்துப்போடறனுங்க."

இருட்டத் தொடங்கியதும் மாடிக்குக் கூட்டிப்போனேன். சனியைப் பிடித்து வைத்துவிட்டு விலகினேன். அவர் முழங்கால் மடங்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்தார். ஊன்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்ததால் டெலஸ்கோப்பையே பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பயம் கலந்த பக்தி.

"கருகருன்னு, ரொம்பப் பெருசா இருக்கறாருங்க மாப்ள" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்த கறுப்புத் தண்ணித் தொட்டிக்கு நேராக நின்றது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கும்பிட்டு முடித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் காலை, பாரம் இறங்கினாற்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், கடைக்குப் பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூட்டிவந்தேன். மல்லசமுத்திரத்துக்காரர். லென்ஸ்களை வரிசையாக எடுத்துக் காட்டினேன். அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாங்கியின் காலை ஒரு விரலால் தட்டினார். மொத்தமும் ஆடி அடங்குகிறவரை காத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, கடைக்கு வாறவங்களுக்கெல்லாம் ரோசனை சொல்ற ஆளு நீங்கதானுங்களே?"

போர்க்குழிக்குள் இறக்கும் பழைய இரும்புக் கேசிங் பைப்பை வெட்டி ஒரு தாங்கி செய்துகொடுத்தார். மாடிக்கு ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். மனைவி கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பெட்டியோடு வந்த பழைய லென்ஸை மாட்டி, உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. சின்னதாக, ஊசிமுனைச் சுத்தத்தோடு, வளையம் போட்ட சனி கறுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு மாமனார் வந்தபோது, செய்த தப்பைச் சரிசெய்துவிடும் ஆசையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க. தோடு போட்ட புள்ளையாட்ட. இது எந்தச் சாமிங்க?"

"சனிதானுங்க மாமா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க அவரைப் பாத்ததில்லீங்க மாப்ள. நான் பாத்திருக்கறேன்."

"எந்திரிங்கப்பா, நானும் பாக்கோணும்" என்றாள் மனைவி. அவர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கரும்பு கடித்துக்கொண்டு நின்றோம்.