சிவப்புக் காடியின் முன்னச்சு

சுங்கை பட்டாணியில் காடிக்கு, அதாவது காருக்கு, தகரம் தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இடிபட்ட கதவை விரலால் தடவிப் பார்த்து, இது லாரி இடித்ததா, தூணில் உரசியதா, கோபத்தில் எவனாவது உதைத்ததா என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, இன்சூரன்ஸ்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று காலேஜ் படித்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

இந்தக் கைக்கு முதல் வேலை கொடுத்தது ஒரு விளையாட்டுக் காடி. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பட்டறை ஆபீஸ் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அப்போது எங்கள் குடும்பம் கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அப்பா பால் மரம் வெட்டுகிறவர். அவரைப் போல் வெட்டுகிறவர் அந்தத் தோட்டத்தில் கிடையாது. இடது மேலிருந்து வலது கீழாகப் பட்டை மட்டும் நூல் மாதிரி சீவி வரும், உள்ளே இருக்கும் மரத்தின் மேல் கத்தி படாது. மரத்தைக் காயப்படுத்துகிறவனுக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் ஏச்சு விழும். அப்பாவுக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. அவருடைய கத்தி கூரை இடுக்கில் செருகியிருக்கும். வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது.

மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து சாமியார் வந்து தோட்டத்துச் சின்ன மாதா கோவிலில் பூசை வைப்பார். அவரோடு கித்தார் வாசிக்க ஓர் அண்ணன் வருவார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, கப்சாய் மோட்டார் சைக்கிள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பாட்டுக் கூட்டத்தில் எங்கள் அக்காவும் உண்டு.

எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டவுன் அண்ணன் ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். மூடியில் செக்கச்செவேலென்று ஒரு காடி சீறிக்கொண்டு வந்தது. திறந்தால் உள்ளே காடி இல்லை. மீன்முள் மாதிரி சட்டங்களில் ஒட்டிக்கொண்டு சிவப்பு பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. அம்மா எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“பாவம், கடக்காரன் ஒடைஞ்சத குடுத்து அந்தப் புள்ளைய ஏமாத்திட்டான். வெளிய சொல்லாதடா, மனசு சங்கடப்படும்.”

அடுத்த சனிக்கிழமை அண்ணனே வந்து நின்றார். “ஒடையலம்மா, இது ஒட்டிச் செய்யிற காடி. தம்பிக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணும்லா.”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அஞ்சடியிலயே ஒக்காந்து செய்யட்டும்.” லயத்து வீடுகளின் முன்னால் நீளமாக ஓடும் நடைதான் அஞ்சடி. அங்கே நடப்பது வரிசையிலுள்ள அத்தனை வீட்டுக்கும் தெரியும்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் மத்தியானம் கப்சாய் சத்தம் கேட்கும். பசை டியூபைச் சட்டைப் பையில் கொண்டுவருவார், போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான். ஒருநாள் பின் கண்ணாடி, இன்னொரு நாள் வலது பக்கக் கதவுப் பிடி. “காயணும் தம்பி, அவசரப்பட்டா கோணிக்கும்,” என்பார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா மிஷினில் தைத்துக்கொண்டிருப்பாள். ஒரே ரவிக்கையை எத்தனை சனிக்கிழமை தைத்தாளோ. காப்பி மட்டும் கேட்காமலே வந்துகொண்டிருக்கும்.

இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று நான் முடிவு கட்டினேன். ஒரு வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிள் கம்பி ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கை உருக்கி உருக்கி நானே இணைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காடி நான்கு சக்கரத்தில் நின்றது. பத்து வயதில் வெல்டிங் செய்தவன் கெடாவில் வேறு யாரும் இருக்கமாட்டான்.

மறுநாள் அண்ணன் காடியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“முடிச்சிட்டியா தம்பி.”

“முடிச்சிட்டேன்ணே. இனிமே நீங்க செரமப்பட வேணாம்.”

உள்ளே தையல் மிஷின் நின்றது. அன்றைக்குக் காப்பியும் ஒரே தடவைதான் வந்தது. அவர் எழுந்தபோது அப்பா வாசலுக்கு வந்து, “காடிதான் ஆயிருச்சில்ல. இனிமே தம்பிக்கு எதுக்கு அலச்சல்,” என்றார். நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மோட்டார் மறைந்ததும் அக்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். “ஒன்னைய யாருடா அவசரப்படச் சொன்னா?” என்னுடைய திறமையைப் பொறுக்காமல்தான் அப்படிச் செய்தாள் என்று நினைத்தேன்.

பின்னாளில் அக்கா சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. டவுன் அண்ணனுடைய அம்மாவுக்குத் தோட்டத்துப் பெண் வேண்டாம் என்று பிடிவாதம். அந்த அம்மாவின் மனம் இறங்கும்வரை எங்கள் வாசலில் நிற்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். பெண் வீட்டுக்காரர்கள் வாய் திறந்து வா என்று கூப்பிட முடியாது, கூப்பிட்டால் பெண்ணைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பார்கள். அவராக வராமல் போனால் அதற்கும் ஒரு பேச்சு. பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. தண்ணிக் குழாயடியில் ஒருத்தி, “டவுன் தம்பிக்கு இங்க வேல முடிஞ்சி போச்சாக்கும்,” என்றாள். அக்கா பாதிக் குடம் தண்ணியோடு திரும்பி வந்தாள்.

இரண்டு சனிக்கிழமை மோட்டார் சத்தம் இல்லை. பூசையிலும் கித்தார் இல்லை.

அதற்கடுத்த நாள்களில் ஒருநாள் காலை, அஞ்சடியில் வைத்திருந்த என் காடி மூக்குக் குப்புறக் கிடந்தது. முன்னச்சு நடுவில் ஒடிந்து, முன் சக்கரங்கள் இரண்டும் தனியாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பையன் முதல்நாள்தான் தொட்டுப் பார்க்கக் கேட்டிருந்தான். விசாரணையெல்லாம் எதற்கு? நேரே போய் மூக்கில் ஒரு குத்து விட்டேன். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

அப்பாவின் வாருக்காக முதுகைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அப்பா அடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு ஐஸ் உருண்டை வாங்கித் தந்தார். அவனுடைய உருண்டையில் சிரப்பு கொஞ்சம் அதிகமாக ஊற்றச் சொன்னார். திரும்பும் வழியில் ரப்பர் பால் ஸ்டோரில் நின்றார். டவுனுக்குப் பால் ஏற்றும் லாரிக்கார அண்ணன் அங்கே இருந்தார்.

“அந்தக் கித்தார் தம்பியப் பாத்தா சொல்லிருப்பா. காடி ஒடைஞ்சி போச்சின்னு பையன் ராவும் பகலும் அழுவுறான்.”

நான் அழவே இல்லை. “நான் எப்பப்பா அழுதேன்?” என்று கேட்டேன்.

“வாய மூடிக்கிட்டு ஐஸ சாப்புடு.”

அந்தச் சனிக்கிழமை கப்சாய் வந்தது. அண்ணன் காடியைக் கவிழ்த்து அச்சை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல இன்னும் நெறைய வேல இருக்குங்க.”

“இருந்தா செய்ய வேண்டியதுதான்.”

பேனாவின் பித்தளைக் குழாய் ஒன்றை வெட்டி, ஒடிந்த இரண்டு முனைகளையும் அதற்குள் செருகி அச்சை நிமிர்த்தினார். அதோடு விடவில்லை. டார்ச் பல்பில் முன் விளக்கு, சிகரெட் பெட்டித் தாளில் வெள்ளிப் பட்டை என்று வாரம் ஒரு வேலை கண்டுபிடித்தார். டயர் மட்டும் என் யோசனை. ரப்பர் பாலைச் சோடா மூடியில் ஊற்றி உறையவைத்து, நடுவில் துளை போட்டு, ரப்பர் ஷீட் உலர்த்தும் தோட்டத்துப் புகைக்கூண்டில் தொங்கவிட்டு எடுத்தேன். அசல் டயர் தோற்றுப்போகும்.

ஒருநாள் டாக்சியில் அவருடைய அம்மா வந்து இறங்கினார். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். அதன்பிறகு அத்தான் அந்தக் காடியைத் தொடவே இல்லை. இடது பக்கக் கதவுக்கு இன்றுவரை பிடி கிடையாது.

போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பித்தளைக் குழாய் பச்சை பூத்துக் கையோடு வந்துவிட்டது. ஒடிந்த முனைகளை முதன்முதலாக வெளிச்சத்தில் பார்த்தேன். மோதி ஒடிந்த பிளாஸ்டிக் பல் பல்லாக நிற்கும், ஓரம் வெளுத்திருக்கும். இது வழவழவென்று இருந்தது. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்த ஒரே சீவல். அதை ஒட்டினாற்போல் இருக்கும் அடித்தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்றைக்குப் பால் ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அப்பாவிடம் நான் ஒன்று கேட்டேன். “ஒடைச்சவனுக்கு எதுக்குப்பா ஐஸு?”

“அவன் ஒடைக்கலடா,” என்றார் அப்பா.

பின்னே யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உருண்டை கரைந்துகொண்டிருந்தது.