வலது கை என் பொறுப்பு

பெரம்பலூரில் ஒரு பியூட்டி பார்லருக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றால் என் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மறுநாள் பூலாம்பாடியில் என் சித்தியின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். போகிற வழியில் நகத்துக்கு ஜெல் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள்.

நகத்தை ராவினார்கள், எதையோ தடவினார்கள். பிறகு சின்ன ரொட்டி அடுப்பு மாதிரி ஒரு டப்பாவுக்குள் பிள்ளையின் கையை நுழைக்கச் சொன்னார்கள். உள்ளே நீல வெளிச்சம். நான் பதறி எழுந்துவிட்டேன்.

"ஷாக் கீக் அடிக்காதுங்களே?"

"அடிக்காது சார், ஒக்காருங்க" என்றது பார்லர் பெண், மூன்றாவது தடவையாக.

"மூணு வாரத்துக்கு அசையாதுப்பா. பாத்திரம் தேய்ச்சாகூட போவாது" என்றாள் மகள்.

"நீ எப்ப பாத்திரம் தேய்ச்ச?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

போன வருஷம் வரைக்கும் அவள் சாதா நகப்பாலிஷ்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கைக்கு அவளே போட்டுக்கொள்வாள். வலது கையை என்னிடம் நீட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை மடித்துவைத்துவிட்டு நான் அந்த வேலையைச் செய்வேன். இப்போது அந்த நீல விளக்கு வந்து எனக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டது. சாதா பாலிஷ் இப்போது யாரும் போடுவதில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். "அது மூணு நாள்ல உரிஞ்சிரும் சார்" என்று அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கியது. உரிந்தால்தானேம்மா அடுத்த ஞாயிறு மறுபடி கையை நீட்டுவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே ஷாக் பற்றிக் கேட்டவன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

டப்பாவிலிருந்து கையை எடுத்ததும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. எனக்குத் தெரிந்த நகப்பாலிஷ் மூடியைத் திறந்தாலே தெருக்கோடிக்குத் தெரியும். பாதி பெட்ரோல், பாதி கனிந்த வாழைப்பழம். அந்த வாசனையை எனக்குப் பழக்கியவள் சித்தி.

விக்கிரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். சித்தி என் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போனபின் எங்கள் வீட்டோடு வந்து இருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். வறுத்த கொட்டையை இடது கையால் பிடித்து, வலது கையால் கட்டையைப் போட்டு ஒரே தட்டு. பருப்பு முழுசாக வரும். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பொல்லாதது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரலைப் பொசுக்கும், நகத்தைக் கருப்பாக்கிவிடும். என்ன தேய்த்தாலும் போகாது. அதனால் எங்கள் பக்கத்தில் முந்திரி உடைக்கிற பெண்களிடம் சிவப்பு நகப்பாலிஷ் கட்டாயம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால் அந்தக் கருப்பின்மேல் ஒரு சிவப்பு. என் சித்தி ஒருத்திதான் விசேஷம் இல்லாவிட்டாலும் வாராவாரம் போடுவாள்.

இடது கையை அவளே முடித்துக்கொண்டு கூப்பிடுவாள். "வாடா மேஸ்திரி."

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் வேறு யாரும் என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விரலுக்கும் பூசுவேன். நகத்தைவிடத் தோலில்தான் அதிகம் படும். சித்தி கையைத் தூக்கிப் பார்த்து, "சுவத்துக்கு அடிக்கச் சொன்னா தரைக்கும் சேத்து அடிச்சிருக்கியே" என்பாள். மறுவாரம் மறுபடி கையை நீட்டுவாள்.

இந்த நம்பிக்கைக்கு நான் செய்த கைம்மாறு பின்வருமாறு.

அந்தக் கோடையில் பம்பர சீசன். தோற்றவன் பம்பரத்தைத் தரையில் வைத்து, ஜெயித்தவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதைக் குத்துவார்கள். என் பம்பரம் அம்மை வடு விழுந்த முகம் போல ஆகியிருந்தது. நகப்பாலிஷ் பூசினால் ஆணி வழுக்கிவிடும் என்று ஐந்தாவது படிக்கிற ஒருவன் சொன்னான். விஞ்ஞானம் என்று நினைத்தேன். ஜெயங்கொண்டம் சந்தையில் சித்தி வாங்கிவைத்திருந்த முழு பாட்டிலையும் மூன்று பூச்சாகப் பம்பரத்துக்கு அடித்தேன். முதல் குத்திலேயே பம்பரம் இரண்டாகப் பிளந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா சொல்கிறார், நாளைக்குப் பூலாம்பாடியிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"நாளைக்கு எவனாவது வாலாட்டுனான்னா தோலை உரிச்சு தொங்கவுட்டுருவேன்" என்று பொதுவாக அறிவித்தார். எங்கள் வீட்டில் 'எவனாவது' என்று சொல்லத்தக்கவன் நான் ஒருவன்தான்.

காலி பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சித்தி கருப்பு நகத்தோடு போய் நின்றால் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிடுவான், சித்திக்கு இனிமேல் கல்யாணமே நடக்காது, அவள் கிழவியாகி முந்திரி உடைப்பாள், அத்தனையும் ஒரு பம்பரத்தால். இந்த அளவுக்கு யோசித்தவன் உண்மையைச் சொல்லலாமே என்று மட்டும் யோசிக்கவில்லை. முந்திரி மரத்துப் பிசினை எடுத்துவந்து தண்ணீரில் ஊறவைத்தேன். சாமி மாடத்திலிருந்து குங்குமத்தைக் கொட்டிக் குழைத்தேன். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரால் உறிஞ்சி பாட்டிலில் நிரப்பினேன். பார்ப்பதற்கு அசல் பாலிஷ். நானே ஏமாந்துபோவேன் போலிருந்தது. என் விரல்தான் முட்டிவரை சிவந்துவிட்டது. கழுவிப் பார்த்தேன், போகவில்லை.

மறுநாள் காலை சித்தி புது ரவிக்கையில் பாய்மேல் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தாள். நான் கதவோரம் நின்றேன். பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சிவந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து சித்தி அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, பால் அடிப்புடிக்குது பாரு" என்று குரல் கொடுத்தாள். அம்மா கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். அந்தக் களேபரத்தில் சித்தி இடது கைக்குப் பூசி முடித்தாள். வலது கையை நீட்டினாள்.

"வாடா மேஸ்திரி. கோணாமப் போடு, இன்னிக்கு."

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்தே சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, சளி பிடித்திருக்கிறது, வாசனை தெரியவில்லை. சளியை அனுப்பிய சாமிக்கு, அவர் மாடத்துக் குங்குமத்தை எடுத்துக்கொண்டதற்கும் சேர்த்து, ஒரு கும்பிடு போட்டேன். அன்று போல நான் என்றைக்கும் அழகாகப் பூசியதில்லை. தோலில் ஒரு சொட்டு படவில்லை.

பூலாம்பாடிக்காரர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, இன்னும் இரண்டு பேர். மாப்பிள்ளை அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். வைகாசி வெயிலில் வீட்டுக்குள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. சித்தி காப்பித் தட்டோடு வந்தாள். ஒவ்வொரு டம்ளராக எடுத்துக் கொடுத்தாள். பிசின் சூட்டுக்கும் வியர்வைக்கும் இளகி விரலெல்லாம் வழியும் என்பது என் விஞ்ஞானத்தில் இல்லாத பாடம். எவர்சில்வர் டம்ளர்களில் வரிசையாகச் சிவப்புப் பெருவிரல் ரேகை.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, கையில அடி கிடி பட்டிருக்கா?"

அப்பாவின் கண் மெதுவாகச் சுழன்று என்னைத் தேடியது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பேன். "அம்மா, வவுத்த வலிக்குது" என்று கத்திக்கொண்டு நடுக்கூடத்தில் விழுந்து உருண்டேன். உருண்ட வேகத்தில் பலகாரத் தட்டையும் சேர்த்து இழுத்தேன்.

முதலில் எழுந்து வந்து தூக்கியவர் மாப்பிள்ளைதான். "எந்தப் பக்கம் வலிக்குது தம்பி?" என்றார். நான் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். காட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். சித்தியின் கையைப் பார்த்தார். தினமும் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், அவருக்கா தெரியாது?

"ஒண்ணுமில்லம்மா. காயறதுக்குள்ள நாம வந்துட்டோம்" என்றார் அவர் அம்மாவிடம்.

அந்த அம்மாள் விடவில்லை. சித்தியின் கையைப் பிடித்து, முந்தானையால் ஒரு நகத்தைத் துடைத்தார். சிவப்பு போய்க் கருப்பு தெரிந்தது. என் அம்மா சுவரோடு சுவராகிவிட்டாள்.

"முந்திரி ஒடைக்கிறியா?"

"ஆமாங்க" என்றாள் சித்தி. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார். அதுவும் வேலை செய்து காய்ச்சுப்போன கை. "எங்க வூட்டுல சின்ன வெங்காய வெள்ளாமை. வந்தின்னா இந்தக் கருப்பு போயிரும். வெங்காய நாத்தம்தான் போவாது, பரவால்லியா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். கல்யாணம் முடிவாகிவிட்டது. எனக்கு வயிற்றுவலி நின்றது. சந்தோஷத்தில் இரண்டு அதிரசம் தின்றேன். அப்பா மாப்பிள்ளை வீட்டாரை பஸ் ஏற்றிவிட்டு வந்து என்னைத் தேடினார். "வந்தவங்களே சிரிச்சிட்டுப் போயிட்டாங்க, வுடுங்க மாமா" என்று சித்தி குறுக்கே நின்றுகொண்டாள்.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. காலைக் கஞ்சி குடித்துவிட்டு வழக்கம்போல பாயில் போய் உட்கார்ந்தேன். கையை நீட்ட ஆளில்லை. பூலாம்பாடிக்கு அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறவேண்டும் என்றார்கள். எனக்கு அது வேறு தேசம். அவள் கல்யாணம் நின்றுவிடுமோ என்றல்லவா அத்தனை பயம் பயந்தேன். நடந்தால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஜன்னலில் அந்த பாட்டில் இருந்தது. பிரஷ் பிசினில் ஒட்டி இறுகிப்போய், மூடி திறக்கவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து, பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து, வாசனையில்லாத நகத்தை முகர்ந்தபோதுதான் எனக்கு அந்தக் காலை முழுசாகத் திரும்பி வந்தது. ஜெயங்கொண்டத்துக்கு ஆள் அனுப்பி வேறு பாட்டில் வாங்கிவர நேரம் இருந்தது. சித்தி அதைக் கேட்டிருந்தால், வாங்கிவைத்திருந்த பாட்டில் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டிருப்பார்.

"என்னப்பா மோந்து பாக்கிற?" என்றாள் மகள்.

"சளி" என்றேன்.

கூடம் தாண்டி, அடுப்படியில் பால் அடிப்பிடித்ததை முகர்ந்தே சொன்ன மூக்குக்குச் சளி ஏது என்று அந்த மேஸ்திரிக்குத் தோன்றவே இல்லை. சளி இல்லாதவள் விடிந்ததிலிருந்து எதற்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள் என்பதும்.