அப்பாவின் சிலுவையில் துரு

கல்லறைத் திருநாளன்று அப்பாவின் சிலுவைக்கு மாலை போட்டபோது என் விரல் பழுப்பானது. துரு! ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எப்படி? பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருக்க, என் மூளை மட்டும் வேறு பக்கம் ஓடியது. இது என்ன கிரேடு? வேறு கிரேடு என்றால் தாங்கியிருக்குமா? சோதித்துப் பார்த்தால் என்ன?

அப்பா நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் சாயப்பட்டறையில் சாயத் தொட்டிக்கு உப்புக் கொட்டும் வேலை பார்த்தவர். கை எப்போதும் வெடித்தே இருக்கும். அவர் போனபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "காலமெல்லாம் உப்புல நின்ன மனுசன். அவருக்குத் துருப்பிடிக்காத சிலுவையா வைக்கணும்."

கல்லறைத் திருநாளுக்கு மறுநாளே அந்தச் சிலுவையைச் செய்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அதே ரகக் குழாய் ஒன்றில் காந்தத்தை வைத்துக் காட்டினார்.

"பாருங்க கண்ணு, ஒட்டுதா? ஒட்டலீங்கல்ல? அப்புறமென்னங்க, நல்ல ஸ்டீலுங்க."

"ஒட்டாததெல்லாம் நல்லதில்லீங்கண்ணா. இருநூத்தி ரெண்டு கிரேடும் ஒட்டாது, முன்னூத்தி நாலும் ஒட்டாது."

"உங்ககிட்ட வாயக் குடுத்தா எங்க காந்தத்துக்கே வேலையில்லாமப் பண்ணிப்போடுவீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். சிலுவை இருநூற்றிரண்டுதான், கேட்டுக்கும் கைப்பிடிக்கும் எல்லோரும் போடுவது. நான் கேட்டதும் அதிலும், முன்னூற்று நாலிலும், அதைவிட உசத்தியான முன்னூற்றுப் பதினாறிலும் ஒவ்வொரு துண்டு வெட்டித் தந்தார்.

நான் வேலை செய்வதும் ஒரு சாயப்பட்டறையின் லேபில்தான். மூன்று பீக்கரில் உப்புத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. முதலில் புள்ளி விழுந்தது இருநூற்றிரண்டில். பல நாள் பொறுத்து முன்னூற்று நாலில் லேசாக ஒரு கறை. துருவைத் தடுக்கும் மாலிப்டினம் கலந்த முன்னூற்றுப் பதினாறு மட்டும் போட்டபடியே மின்னியது. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் காட்டினேன்.

"ஏட்டி, இதுல செஞ்சா துருவே வராதா?"

"வராதும்மா."

"அப்ப மாத்திருவோம். ஞாயித்துக்கெழமதோறும் பூசை முடிஞ்சு போயி ப்ளீச்சிங் தண்ணி ஊத்தித் தேய்ச்சிட்டுத்தான் வாரேன். அப்படியும் கறை ஏறுது. இப்பல்லாம் பவுடர இன்னும் கூடுதலாப் போடுதேன்."

துண்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன். எங்களைப் போன்ற சாயப்பட்டறைக் குடும்பங்களில் எந்தக் கறைக்கும் மருந்து அதுதான். சட்டையோ தரையோ, ப்ளீச்சிங் ஊற்றினால் வெளுக்கும். வெளுக்கவில்லை என்றால் இன்னும் ஊற்றுவோம்.

மறுநாள் நான்காவது பீக்கரில் ப்ளீச்சிங் தண்ணீர் கலந்து, மின்னிய அந்தத் துண்டைப் போட்டேன். சில நாளில் அதன் விளிம்பிலும் ஊசி குத்தியது போலக் குழிகள். அம்மாவின் தேய்ப்புக்கு எந்தக் கிரேடும் நிற்காது.

இதை எப்படிச் சொல்வது? தேய்க்கும்போது அவள் அப்பாவிடம் பேசுகிறாள். வீட்டு வாடகை, என் கல்யாணம், கால் வலி எல்லாம். அவர் சிலுவையை அரித்தது தன் கைதான் என்று தெரிந்தால் அப்புறம் அங்கே போவாளா?

பட்டறைக்காரரிடம் மட்டும் சொன்னேன். காந்தத்தைக் கையில் உருட்டினார். "பழசப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டனுங்க கண்ணு. புதுச மாட்டறப்ப, இதுக்குப் பச்சத் தண்ணி மட்டுந்தானுங்க ஊத்தோணும்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்."

புதுச் சிலுவை, முன்னூற்றுப் பதினாறில், இந்த வாரம் தயாராகிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். ஒரு கேன் நல்ல தண்ணீர், பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த மெத்தென்ற வேஸ்ட் துணி இரண்டு. ஒன்றை அம்மா கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டும் அவளால் அவரிடம் பேச முடிகிறதா என்று.