“ரெண்டு பக்கமும் காலி!”

2013-ல், சிப்பி சீசன் தொடங்குகிற சமயம். கடியப்பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நாகர்கோவிலில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போயிருந்தேன். கடல்பாறையில் முங்கிச் சிப்பி எடுப்பது அவர் வேலை. கொஞ்ச நாளாக, ஆழத்துக்குப் போனால் வலது கன்னத்துக்குள் குத்துகிறது என்று பாதியிலேயே மேலே வந்துவிடுவார். கன்ன எலும்புக்குள் சைனஸ் என்று ஒரு பொந்து உண்டாம். அதில் சீழோ கட்டியோ இருந்தால் இனி முங்கவே கூடாது என்று சொல்லி, படம் எடுத்துப் பார்க்க ஊர் டாக்டர்தான் அங்கே அனுப்பியிருந்தார்.

எனக்கோ வேறு ஆசை. ‘முங்கக் கூடாது’ என்று அங்கே யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் போனேன். அவர் கடலுக்குப் போகிற நாளெல்லாம் வாசலைப் பார்த்துப் பார்த்து அவ்வளவு அலுத்துப்போயிருந்தது.

ஒரு மெஷின் அவர் தலையைச் சுற்றி ஓடிப் படம் எடுத்தது. பிறகு காத்திருப்பு, காத்திருப்பு. படிக்கிற டாக்டர் பிள்ளை ஒருத்தி கம்ப்யூட்டரில் அந்தப் பொந்தின் ஓரத்தைப் படம் படமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு காற்று கொள்ளும் என்று அளக்கிறாளாம். அவள் படிப்புக்கு வேண்டும் என்று எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். அவளும் கண்ணைக் கசக்கிக் கொட்டாவி விட்டாள். பாவமாக இருந்தது, எரிச்சலும் வந்தது.

கடைசியில் பக்கத்து மேஜையிலிருந்த பெரிய டாக்டரிடம், திரும்பாமலே சொன்னாள்: “ரெண்டு பக்கமும் காலி சார்.”

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. என் கையைப் பிடித்தார்.

“ஏட்டி, எல்லாம் காலியாம். இனி நான் என்னத்துக்கு ஆவேன்?”

அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

அந்தப் பிள்ளை பதறி ஓடிவந்தாள். குழித்துறைப் பக்கம் போல, பேச்சில் ஒரு ராகம். “அய்யோ அண்ணே, பேடிக்காண்டாம், ஒண்ணும் பயமில்ல! காலின்னா நல்லதுல்லா. காத்து மட்டும் இருக்க வேண்டிய எடம் அது. சீழும் இல்ல, கட்டியும் இல்ல. கடவாப்பல்லுக்க வேருதான் கெட்டுக் கெடக்கு, அதான் குத்துது.”

பல்லைச் சரிபண்ணி, புண் ஆறியதும் முங்கலாம் என்றார் பெரிய டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

இன்றும் அவர் சிப்பிக்குக் கிளம்பும்போது எனக்குப் பயம்தான், அலுப்புதான். ஆனால் அன்றைக்குச் செத்துப்போன அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டதால், ‘போகாதீங்க’ என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.