மேல்மாடியில் கேட்ட அம்மாவின் குரல்

உங்கள் அம்மா சமையலறையில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. அப்போது மேல்மாடியிலிருந்து அவருடைய குரல், “தண்ணி தாங்கோ” என்றது. கொஞ்சம் பொறுத்து, அதே இடத்தில் மூச்சு வாங்கி, மறுபடியும் “தண்ணி தாங்கோ” என்றது. ஜெர்மனியில், ஹனோவரில் நாங்கள் முன்பு இருந்த வீட்டில் இது தினமும் நடந்தது. காரணம் தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடரி குளிர்ந்தது. நீங்கள் அப்போது மிகச் சின்னப் பிள்ளைகள். அம்மாவின் மடியில் இருந்துகொண்டே அம்மாவைத் தேடி மேலே பார்ப்பீர்கள்.

மேலே இருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரரான ஓர் அண்ணையும் அவர் மனைவியான அக்காவும். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. வலக்கையில் சுட்டுவிரல் மட்டும் மிச்சம். அதையும் தூக்க ஏலாது, இழுக்கத்தான் முடியும். அண்ணை காப்புறுதிக்காரருக்கு இரண்டு தரம் விண்ணப்பம் எழுதி, பேசும் பலகை என்ற கணினிக் கருவி ஒன்றை எடுத்துக்கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் படத்தை விரலால் வலப்பக்கம் இழுத்தால் அது பேசும். உள்ளே ஜெர்மன் குரல்தான் இருந்தது. தமிழ் வேண்டுமென்றால் யாராவது பேசிப் பதியவேண்டும். அப்படித்தான் உங்கள் அம்மாவின் குரல் அதற்குள் போனது. அந்த ஓர் இழுப்பைப் பழக அக்காவுக்கு ஒரு மாரிகாலம் முழுதும் எடுத்தது. முதன்முதலாக அவர் இழுத்தது “இஞ்ச வாங்கோ” என்ற படத்தை. அண்ணை பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அப்படியிருந்தும் எழும்பி, ஓர் அடி கிட்டப் போனாராம்.

பிறகு ஒருநாள் அண்ணை கீழே வந்து புதினமான ஒரு கதை சொன்னார். பலகையைச் செய்த சின்ன நிறுவனத்துக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் போட்டிருக்கிறாராம். கண்ணாடியில் படத்தை இழுத்து ஒரு வேலையைச் செய்விப்பது தங்களுடைய கண்டுபிடிப்பு, அதற்குக் காப்புரிமை பதிந்திருக்கிறோம், நீங்கள் பாவிக்கக் கூடாது என்று. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை மற்றவர்கள் எடுக்காதபடி பதிந்துவைப்பதுதான் காப்புரிமை. அதில் பிழையில்லை என்றுதான் அண்ணையும் நினைத்தார். “கதவு செய்தவனுக்குக் கதவு சொந்தம், சரி. தள்ளுறதும் அவன்ரையோ?” என்று மட்டும் கேட்டார். சின்ன நிறுவனத்துக்கு வழக்காட வசதியில்லை. இழுப்பை எடுத்துவிட்டு, படத்தை இரண்டு தரம் தட்டுவதாக மாற்றப்போகிறார்களாம். பலகை அனுமதி கேட்கும். ஆம் என்று அமத்தாதவரை பழையது ஓடும். “தம்பி, அதில என்ன கேட்டாலும் ஒண்டையும் அமத்தாதையும்,” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அண்ணை கண் வைத்தியரிடம் போன ஒரு பின்னேரம் நான் அக்காவோடு இருந்தேன். பலகையில் நீளமான ஜெர்மன் எழுத்து வந்து படங்களை மூடியது. அதன் கீழே அக்காவின் விரல் எதையோ தேடியது. இந்த நாட்டுக்கு அகதியாக வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அரசாங்கக் காகிதம்போல எது நீளமாக வந்தாலும், வாசிக்காமலே “யா”, அதாவது ஆம், என்று சொல்லிவிடுவேன். இல்லையென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வில்லங்கம் வரும் என்ற பயம். அன்றைக்கும் என் விரல் எனக்கு முன்னால் போய் “யா”வை அமத்திவிட்டது.

கண்ணாடி கறுத்தது. பிறகு படங்கள் திரும்பி வந்தன, எல்லாம் பழையபடி. அக்கா இழுத்தார். சத்தமில்லை. மறுபடியும் இழுத்தார். பிறகு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அண்ணை என்னை ஏசவில்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். திரும்பப் பழையதைப் போட்டுத்தர அவர்களுக்கு இனி உரிமையில்லையாம். அக்காவுக்கு விரலைத் தூக்கித் தட்ட வரவில்லை. ஆனால் இழுப்பதை விடவுமில்லை. போர்வையில் இழுத்தார். மேசையில் இழுத்தார். நகம் துணியில் உரசும் சத்தம் மட்டும் அந்த அறையில் எந்நேரமும் கேட்டபடி இருக்கும். கடைசியில் அண்ணை தன் சட்டைக்கையை மடித்து, முன்னங்கையை அந்த விரலுக்குக் கீழே வைத்தார். அக்கா இழுக்க, அண்ணை “நோகுதோ? யன்னலைத் திறக்கவோ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். “இதுக்கும் காயிதம் போடுவாங்களோ, தம்பி?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வருடங்களில் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. அதில் புதிதாக ஒன்றும் இல்லையாம். இன்று நீங்கள் ஒரு நாளில் எத்தனை தரம் கண்ணாடியில் விரலை இழுக்கிறீர்கள், யாரும் கேட்பதில்லை. தீர்ப்பு வந்தபோது அக்கா உயிரோடு இல்லை.

போன மாதம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். இத்தனை காலமும் கேட்காத மன்னிப்பு. அந்தக் குளிரிலும் சட்டைக்கையை முழங்கைவரை மடித்து, கையை அக்காவின் வெறும் கட்டிலில் நீட்டிவைத்திருந்தார். நான் வாய் திறக்கமுன், பொறும் என்பதுபோல மற்றக் கையைக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்:

“இப்பவும் இழுக்கிறா, தம்பி. என்ன கேக்கிறா எண்டுதான் விளங்கேல்லை. நீரும் ஒருக்காக் கையை வைச்சுப் பாருமன்.”

நான் வைக்கவில்லை, பிள்ளைகளே. அக்கா என்னிடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.