சேருமரமும் சோமனும் என் வாயும்

பனச்சமூட்டிலிருந்து அம்பூரி வரை எந்த மரம்வெட்டியும் சேருமரத்தைக் கண்டால் நாலடி தள்ளித்தான் நிற்பான். அதன் பால் மேலே பட்டால் உடம்பு தடித்துப் பொங்கிவிடும். வழியில் அந்த மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுடோரியலில் பிரீடிகிரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிற சிவானந்தம் சார் அல்லவா, சிரிக்காமல் இருப்பேனா?

சோமன் என் பக்கத்து வீட்டுக்காரன். பதினாறு வயதில் கோடாலி பிடித்தவன், நாற்பத்திரண்டு வயது வரை காய்ச்சல் என்று படுத்ததில்லை. எவ்வளவு கோணலாக நிற்கிற பலாவையும் கயிறு கட்டிச் சொன்ன இடத்தில் விழவைப்பான். வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டான், மனைவி அம்மிணியிடம் அவன் வாய் ஓயாது. பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் உண்டு. பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது அம்மிணி. அதைப் புகைப்புரை என்கிற சின்ன அறையில் தொங்கவிட்டு, உலரத் தீ மூட்டுவது சோமன்.

தொண்ணூற்றாறு தை மாதம். அம்பூரியில் சபரிநாதன் என்பவர் ரப்பர் வைக்க ஒரு சரிவில் மரங்களை வெட்டி நிலம் திருத்தினார். நடுவில் ஒரு சேருமரம். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, சோமன் தனியாக வெட்டிச் சாய்த்தான். யாரும் தொடாத அந்தக் கட்டைகளை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்தான். ஒரு வாரம் கழித்து என் வாசலில் வந்து கையை நீட்டினான்.

“எல்லாவனும் பேடிச்சு மாறி நிண்ணான் சாரே. எனக்கொண்ணும் செய்யல்ல, பாருங்க. கக்கத்தில மட்டும் சின்னதா நெறி கட்டியிருக்கு.”

“அது கோடாலி பிடித்ததில் வந்தது. உனக்குப் பிறவியிலேயே எதிர்ப்புசக்தி உண்டு சோமா. சேரு உன்னை ஒன்றும் செய்யாது.”

எங்கே படித்தேன் இதை? எங்கேயும் படிக்கவில்லை. என் முன்னால் ஒருவன் பதிலுக்குக் காத்து நின்றான், சார் என்கிறவனால் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அம்மிணி கட்டைகளின் பக்கமே போகவில்லை. “சாரு சொல்லியாச்சு, எனக்கு எதிர்ப்புசக்தி உண்டாக்கும்,” என்று அவளைக் கேலி செய்துவிட்டு, மூன்றாவது வாரம் சோமன் அந்தக் கட்டைகளைப் புகைப்புரையில் எரித்தான். கட்டை சரியாகக் காயவில்லை. தீயை ஊதி ஊதி அரை நாள் அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில் அம்மிணி அலறிக்கொண்டு வந்தாள், நான் ஓடினேன். சோமனின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கழுத்தெல்லாம் கொப்புளம். மூச்சு சீட்டி அடித்தது. சேரு பிடித்தவர்கள் தான்றி மரத்தைச் சுற்றிவந்து கட்டிப்பிடித்தால் சரியாகும் என்பது இங்கே வழக்கம். அம்மிணியின் அண்ணன் மோகனன் அவனை வீட்டருகே நின்ற தான்றியைக் கைத்தாங்கலாகச் சுற்ற வைத்துக்கொண்டிருந்தான். ஏழு சுற்று முடியாமல் விடமாட்டோம் என்றார்கள் கூடி நின்றவர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நான் கத்தினேன். நாலாவது சுற்றில் சோமனே விழுந்தான்.

ஜீப்பில் அவன் தலை என் மடியில் இருந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரி இவ்வளவு தூரமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஒண்ணும் ஆகாதுண்ணு சொல்லுங்க சாரே. நீங்க சொன்னா போரும்,” என்றாள் அம்மிணி.

“ஒன்றும் ஆகாது,” என்றேன். இரண்டாவது தடவை.

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஞானபாய் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதற்கு முன் சேரு பட்டதுண்டா என்று கேட்டார். உண்டு, அப்போது ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

“செய்யாமல் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்தது,” என்றார். “தோலுக்கடியில் காவல் செல்கள் உண்டு. சேருப்பாலில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு அவை கக்கத்து நெறிக்குப் போகும். அங்கே இருக்கிற டி செல்களுக்கு அதைக் காட்டி, இதுதான் எதிரி என்று பழக்கும். அந்தப் படை தயாராக இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும். பிறகு அந்தப் படை உடம்பெங்கும் சுற்றும். குடலில் இருக்கிற காவல் செல்கள் பெரும்பாலும் சமாதானக்காரர்கள், தின்றதையெல்லாம் எதிரி என்று சொல்லமாட்டார்கள். தோலும் மூச்சுக்குழலும் அப்படியில்லை. புகை போன இடத்திலெல்லாம் காவல் செல்கள் காட்டிக்கொடுத்தன, பழகின படை வந்து இறங்கிவிட்டது.”

அப்படியானால் அந்த நெறி? நான் கோடாலியால் வந்தது என்று சொன்ன நெறி? மரத்தைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனவன் ஒருவனும் அங்கே படுத்திருக்கவில்லை. என்னை நம்பினவன் படுத்திருந்தான்.

மூன்று நாள் இழுத்தது. நுரையீரல் கைவிட்டது. நாலாம் நாள் காலையில் சோமன் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வெட்கம், பயம், இரண்டும்தான். பதினாறாம் நாள் போகாமல் முடியவில்லை. அம்மிணி புகைப்புரையிலிருந்து மிச்சமிருந்த சேருக்கட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோட்டத்துக் கடைசியில் ஒரு குழி வெட்டியிருந்தது, கட்டைகளால் பாதி நிறைந்திருந்தது.

“தொடாதே அம்மிணி!”

“இதாக்கும் அவரைக் கொண்டுபோனது. ஒரு துண்டு இங்க கிடக்கப்பிடாது சாரே. பத்து நாளாட்டு நான் தனியாச் சுமக்கேன்.” அவள் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. “பேடிக்காதுங்க, எனக்கொண்ணும் செய்யல்ல. கக்கத்தில மட்டும் ஒரு நெறி. அது பாரம் தூக்கினதில வந்ததாக்கும். அவருக்கும் நீங்க அதுதானே சொன்னிய?”

கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதே தெரியும், சேதி எப்போதோ உள்ளே போய்விட்டது. இனி ஒரு தடவை அந்தப் பால் படக்கூடாது, புகை படக்கூடாது, அவ்வளவுதான் செய்ய முடியும். அதைச் சொன்னேன். நெறி எதனால் வந்தது என்பதையும் சொன்னேன். சோமனுக்கு வந்ததும் அதுதான் என்றேன்.

அம்மிணி கையை உருவிக்கொண்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தாள்.

“அப்போ அண்ணைக்கு அவரு கேட்டப்போ உங்களுக்கு இது தெரியாதா சாரே?”

“தெரியாது,” என்றேன்.

“தெரியாதுண்ணு அவருகிட்டே சொல்லியிருக்கப்பிடாதா?” என்றாள்.